பாடம் பிறந்த கதை – 14: கடற்கரை ஓட்டலில் ஓர் இருக்கை

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் அபரிஸ்ட்வித் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரயில் பாதை அங்கே வந்து முடிந்துவிடும், அதற்கப்பால் கடல்தான். கடலையொட்டிய நடைபாதை வடக்கே ஒரு குன்றின் அடிவாரத்தில் போய் நிற்கிறது. அங்கே இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. அதுவரை நடந்து போகிற மாணவர்கள் கம்பியை ஷூ முனையால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் உதைக்கிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக அது அந்த ஊர்க் கல்லூரிப் பழக்கம்.

இந்த ஊரில்தான், 1919இல், சர்வதேச உறவுகள் ஒரு பல்கலைக்கழகப் பாடமாகப் பிறந்தது. உலகிலேயே முதல் துறை லண்டனிலோ பாரிஸிலோ தொடங்கப்படவில்லை. மீன்பிடி படகுகளும் கோடை விடுதிகளும் நிறைந்த இந்தக் கரையில் தொடங்கப்பட்டது. கல்லூரிக் கட்டடமே முதலில் ஓட்டலாகத்தான் கட்டப்பட்டது. ரயில் வந்தால் கூட்டம் வரும் என்று நம்பிக் கட்டிய முதலாளி நொடித்துப்போனார். கட்டி முடியாத அந்த ஓட்டலை வேல்ஸ் மக்கள் 10,000 பவுண்டுக்கு வாங்கி, 1872இல் கல்லூரி திறந்தார்கள். தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை வசூலித்து அதை நடத்தினார்கள். சுரங்கத் தொழிலாளியும் குத்தகை விவசாயியும் போட்ட சில்லறைக் காசுகளில் நின்ற கல்லூரி அது.

அந்தக் கல்லூரிக்கு ஆரம்ப காலத்தில் பொருளாளராக இருந்தவர் டேவிட் டேவிஸ். மரம் அறுக்கும் வேலையில் தொடங்கி, ரயில் பாதை போட்டு, நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, பாரி துறைமுகத்தையே உருவாக்கிய மனிதர். நம் கதைக்கு வேண்டியவர் அவரல்ல, அதே பெயர் கொண்ட பேரன். பேரன் டேவிட் டேவிஸ் 1880இல் பிறந்தார். 25 வயதில் நாடாளுமன்ற உறுப்பினர். முதல் உலகப் போர் வந்தபோது, ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையின் 14ஆவது பட்டாளத்தைத் திரட்டி, தானே தலைமை ஏற்று பிரான்ஸின் பதுங்குகுழிகளுக்குப் போனார். கூட வந்த பையன்களில் பலர் திரும்பவில்லை.

போர் ஓய்ந்த கையோடு டேவிஸும் அவருடைய தங்கைகள் க்வென்டலினும் மார்கரெட்டும் சேர்ந்து கல்லூரிக்கு 20,000 பவுண்டு கொடுத்தார்கள். போரில் மாண்ட மாணவர்கள் நினைவாக ஓர் இருக்கை. சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம்; நாடுகள் ஏன் போரிடுகின்றன, அதைத் தடுக்க வழி உண்டா என்று முழுநேரமும் படிக்கவும் கற்பிக்கவும் ஒரு பேராசிரியர் வேண்டும் என்றார்கள். போரைத் தடுக்க நாடுகள் கூடிப் பேசும் 'நாடுகளின் சங்கம்' ஒன்றைக் கனவு கண்ட அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயரைத்தான் இருக்கைக்கு வைத்தார்கள். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகெங்கும் நிதி திரட்டிய தமிழர்களுக்கு இந்த உணர்வை விளக்க வேண்டியதில்லை. இழந்துவிடக் கூடாதது ஒன்றுக்காகத்தான் மனிதர்கள் இருக்கை நிறுவுகிறார்கள்.

முதலில் வந்தவர் ஆல்ஃபிரட் சிம்மர்ன். பண்டைய கிரேக்கம் படித்தவர். இந்தத் துறைக்கென்று அப்போது படித்தவர் யாரும் கிடையாது, இருந்திருக்கவும் முடியாது. அவருக்குப் பின் வந்த சார்லஸ் வெப்ஸ்டர் வரலாற்றாசிரியர். இருவருமே நாடுகளின் சங்கத்தின் மேல் நம்பிக்கை வைத்தவர்கள். ஊர் மக்களின் நம்பிக்கை அவர்களுடையதைவிடப் பெரியது. டேவிஸின் முயற்சியில் அமைந்த வேல்ஸ் நாடுகளின் சங்க ஆதரவு அமைப்பு, 1923இல் ஒரு மனு எழுதியது. அமெரிக்கா அந்தச் சங்கத்தில் சேர வேண்டும் என்று வேல்ஸ் பெண்கள் அமெரிக்கப் பெண்களைக் கேட்டுக்கொள்ளும் மனு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். சேர்ந்த கையெழுத்துகள் 3,90,296. ஓக் மரப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றி, 1924இல் அமெரிக்காவில் ஒப்படைத்தார்கள். அமெரிக்கா கடைசி வரை சேரவில்லை.

1938 நவம்பரில் கார்டிஃப் நகரில் அமைதிக் கோயில் திறக்கப்பட்டது. அதுவும் டேவிஸின் கனவுதான். ரிப்பன் வெட்ட அமைச்சரையோ அரச குடும்பத்தினரையோ அழைக்கவில்லை. டவுலைஸ் என்ற இரும்பாலை ஊரிலிருந்து மின்னி ஜேம்ஸ் என்ற தாயை அழைத்தார்கள். முதல் போரில் மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர். அவர் கையால் கதவு திறந்தது. பத்தே மாதத்தில் அடுத்த உலகப் போர் வந்துவிட்டது.

இதற்கிடையில் அபரிஸ்ட்வித்தில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. 1936இல் வில்சன் இருக்கைக்கு ஈ.எச்.கார் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் வரலாறு என்றால் என்ன என்று கேட்டு எழுதிய நூலால் தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்த அதே கார். 20 வருடம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் இருந்தவர். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மஞ்சூரியாவிலும் அபிசீனியாவிலும் படையெடுப்பைத் தடுக்க முடியாமல் நாடுகளின் சங்கம் தோற்றதைக் கண்டபின் அவருக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. இவரை நியமிக்கக் கூடாது என்று பணம் கொடுத்த டேவிஸே எதிர்த்தார். சர்வதேச காவல்படை ஒன்று அமைந்தால் போரைத் தடுத்துவிடலாம் என்று நூலே எழுதியவர் டேவிஸ். அவர் நிறுவிய இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவர் நம்பிக்கையைக் கனவு என்று சொல்ல ஒருவர் வருகிறார். கல்லூரி காரைத்தான் தேர்ந்தெடுத்தது.

அந்த இருக்கையிலிருந்தபடி கார் எழுதியதுதான் 'இருபதாண்டு நெருக்கடி'. 1939 ஜூலை நடுவில் அச்சுக்குப் போன புத்தகம். செப்டம்பர் 3இல் போர் அறிவிக்கப்பட்டபோது பக்க மெய்ப்பு வரை வந்திருந்தது. வரப்போகும் சமாதானத்தை உருவாக்கப் போகிறவர்களுக்கு என்று அதைக் காணிக்கையாக்கினார். அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அமைதி எல்லோருக்கும் நல்லது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இருப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள், இல்லாதவனுக்கு அந்த அமைதி இன்னொருவனின் வசதியாகத்தான் தெரியும். அதிகாரத்தைக் கணக்கில் எடுக்காத லட்சியம் உதவாது. ஆனால் லட்சியமே இல்லாத அதிகாரக் கணக்கும் உயிரற்றது என்று அதே புத்தகத்தில் சொல்கிறார். அவசரமாகப் படிக்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

காரும் தவறினார். முதல் பதிப்பில், ஹிட்லரோடு விட்டுக்கொடுத்துப்போன 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்கு ஆதரவான பகுதிகள் இருந்தன. போருக்குப் பின் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார். கனவு காண்கிறவன் மட்டுமல்ல, கணக்குப் போடுகிறவனும் ஏமாறுவான் என்பதை மாணவர்கள் இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துத் தெரிந்துகொள்ளலாம். டேவிஸ் 1944 ஜூனில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய மூத்த மகன், அப்பா தலைமை தாங்கிய அதே ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படையில் போரிட்டு மாண்டார்.

சரி, பதினெட்டு வயதில் இந்தப் பட்டத்துக்குச் சேர்கிற பிள்ளை மூன்று வருடம் என்னதான் படிக்கிறது? நாடுகளின் தலைநகரங்களையும் ஐ.நா. கிளைகளையும் மனப்பாடம் செய்வது என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. முதல் வருடத்திலேயே அந்த எண்ணம் கலைந்துவிடும்.

1914 கோடையை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் இந்தப் பாடத்தின் வகுப்பறைகளில் அலசப்படும் கதை அது. ஜூன் 28இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜூலை 23இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைக்கிறது. 28இல் போர் அறிவிப்பு. 30இல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிடுகிறது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3இல் பிரான்ஸ் மீதும் போர் தொடுக்கிறது. 4இல் பிரிட்டன் இறங்குகிறது. இத்தனையும் நடக்கும்போது ஜெர்மன் பேரரசரும் ரஷ்யப் பேரரசரும் 'வில்லி', 'நிக்கி' என்று செல்லப் பெயரில் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் அல்லவா!

இங்கே கேள்வி: யார் செய்த தவறு? கென்னத் வால்ட்ஸ் 1959இல் வந்த தன் நூலில் போரின் காரணத்தைத் தேட மூன்று இடங்களைக் காட்டினார். மனிதர்களின் குணத்தில் தேடலாம்: பதறிப்போன பேரரசர், முன்கோபி தளபதி. நாட்டின் உள்ளமைப்பில் தேடலாம்: ராணுவம் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லாத ஆட்சி. அல்லது நாடுகளுக்கு மேலே நீதிபதியோ போலீஸோ இல்லாத உலக அமைப்பிலேயே தேடலாம். மூன்றாவதை எடுத்தால் பார்வையே மாறிவிடுகிறது. ரஷ்யா தன் பாதுகாப்புக்கென்று படையைத் திரட்டுகிறது. அதைப் பார்க்கிற ஜெர்மனிக்கு அது தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிகிறது. ஜெர்மனி முந்திக்கொள்ளப் பார்க்கிறது. அண்டை வீட்டுக்காரன் பயத்தில் சுவரை உயர்த்தினால், எதற்கு உயர்த்துகிறான் என்று நமக்குப் பயம் வருகிறதே, அதுதான். ஜான் ஹெர்ஸ் 1950இல் இதற்குப் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயர் வைத்தார். கெட்டவர் ஒருவரும் இல்லாமலேயே போர் வரக்கூடும் என்பதை முதன்முதலாகப் புரிந்துகொள்கிற மாணவர் அதற்குப் பிறகு செய்தித்தாளைப் பழைய மாதிரி படிக்க முடியாது. இந்தப் பட்டத்தின் மெய்யான வரவு அதுவே.

படிப்பு புத்தகத்தோடு நிற்பதில்லை. டேவிஸின் தங்கைகள் 1920இல் வாங்கிய கிரெகினாக் என்ற மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்த சகோதரிகள் அவர்கள். மோனே, செசான் எல்லாம் அவர்கள் சேகரிப்பில் இருந்தன. ஓவியங்களை வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்துக்கும் மாளிகையை வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்த மாளிகைக்குத்தான் அபரிஸ்ட்வித் மாணவர்கள் நெருக்கடி விளையாட்டுக்குப் போகிறார்கள். நாடுகளாகவும் வேறு தரப்புகளாகவும் அணி பிரிந்து, ஆசிரியர்கள் தயாரித்த ஒரு நெருக்கடியைச் சில நாட்கள் பேசிப் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். வகுப்பில் போர் முட்டாள்தனம் என்று கட்டுரை எழுதிய அதே பிள்ளை, தன் அணிக்கு அரைகுறைச் செய்தி வந்து சேர்ந்து, எதிரணி பதிலே சொல்லாமல் நேரம் கடத்தும்போது என்ன முடிவெடுக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். 1914இல் தந்திக்காகக் காத்திருந்தவர்களின் மனநிலை கொஞ்சமாவது பிடிபடும்.

இந்தப் பிறப்புக் கதையில் விட்டுப்போகக் கூடாத ஒன்று இருக்கிறது. பாடம் பிறந்ததற்குத் துயரம் மட்டுமே காரணமல்ல. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1910இல் ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. பின்தங்கியவை என்று அவர்கள் கருதிய இனங்களை எப்படி ஆள்வது, எப்படி வளர்ப்பது என்பது அதன் பேசுபொருள். 1919இல் அது 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1922இல் இன்று உலகமே படிக்கிற 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழோடு கலந்தது. ராபர்ட் விட்டாலிஸ் 2015இல் எழுதிய நூல் இதை விரிவாகத் தோண்டி எடுத்தது. வில்சன் முன்மொழிந்த நாடுகளின் சங்கம் உருவானபோதே, இன சமத்துவத்தை அதன் சாசனத்தில் எழுத ஜப்பான் கேட்டது. 1919இல் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தப் பாடம் படிக்கப் போகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. அடிமைப்பட்ட நாடுகளுக்கு அன்று போர் ஓய்ந்திருக்கவே இல்லை.

இந்தியாவில் இந்தப் பாடம் வேறு வாசல் வழியாக வந்தது. தென்னிந்தியாவின் 1000 முதல் 1500 வரையிலான பொருளாதார நிலைமை பற்றி ஏ.அப்பாதுரை எழுதிய ஆய்வை 1936இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊறியவர். அவர்தான் இந்திய உலக விவகார மன்றத்தின் செயலாளராகி, 1947இல் டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டுக்கு ஓடியாடி வேலை செய்தார். 1955இல் சப்ரு மாளிகையில் தொடங்கிய இந்திய சர்வதேசக் கல்விப் பள்ளியின் முதல் இயக்குநரும் அவரே. 1970இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆராய்ச்சியில் தொடங்கியதாலோ என்னவோ, இங்கே இந்தப் பாடம் முதுகலைக்காரர்களின் பாடமாகவே நெடுநாள் இருந்துவிட்டது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்தே தனித் துறை உண்டு, இளங்கலையிலும் கற்பிக்கிறார்கள். மற்ற இடங்களில் இளங்கலை மாணவருக்கு இது பெரும்பாலும் அரசியல் அறிவியலுக்குள் ஒன்றிரண்டு தாள்தான்.

வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இதைப் படித்தால் தூதரகத்தில் வேலை கிடைக்குமா? நேராகக் கிடைக்காது. இந்திய வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் இருப்பதால் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பிள்ளைக்குச் செய்கிற நியாயம். வேலை மட்டுமே குறி என்றால் கூடவே ஒரு மொழியோ பொருளாதாரமோ சட்டமோ சேர்த்துப் படிக்கலாம். ஆனால் ராமேஸ்வரத்துப் படகு ஒன்று பாக் நீரிணையில் பிடிபடும்போது, அதில் இரண்டு அரசுகள், ஓர் எல்லைக்கோடு, அதை வகுத்த 1974 ஒப்பந்தம், இரு கரையிலும் தமிழ் பேசும் மீனவர் குடும்பங்கள் என எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்று நிதானமாகப் பிரித்துச் சொல்ல ஊருக்கு நாலு பேராவது வேண்டும்.

அபரிஸ்ட்வித்துக்குத் திரும்புவோம். ஊருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் நடுவில், மேட்டில், வேல்ஸ் தேசிய நூலகம் நிற்கிறது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிடந்த, வேல்ஸ் பெண்களின் மனு இருந்த அந்த ஓக் பெட்டி, கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 2023இல் இங்கே வந்து சேர்ந்தது. தாள் தாளாகப் படமெடுத்து, கையெழுத்துகளைப் படித்துப் பதிவு செய்யத் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். பெயர், எதிரே முகவரி. அதற்குக் கீழே அடுத்த பெயர், அடுத்த முகவரி. தெருத் தெருவாகப் போய் வாங்கியதால் ஒரே வீட்டுத் தாயும் மகளும் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள். வளாகத்துக்கு ஏறிப் போகும் முதலாண்டு மாணவர்கள் தினமும் அந்த நூலகத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

(தொடரும்)