உங்களுக்குத் தெரியுமா? நிமிடத்துக்கு எத்தனை சொல்?

கம்பம் பஸ் ஸ்டாண்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எழுத்தறியாத தன் அம்மாச்சிக்கு வண்டி போர்டுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘போடி’ பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது. அடுத்த வண்டியில் ‘உத்தமபாளையம்’. “உத்... தம...” என்று எழுத்துக் கூட்டுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. “இவ மெதுவாத்தான் படிக்கிறா” என்று அம்மாச்சிக்கு வருத்தம். பிள்ளை மெதுவே இல்லை. போடிக்கு 2 எழுத்து, உத்தமபாளையத்துக்கு 8. வாசிப்பு வேகக் கணக்கில் மட்டும் இரண்டுமே ‘ஒரு சொல்’.

வாசிப்பு வேகத்தைப் பெரும்பாலும் ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்றே அளக்கிறார்கள். பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பர்ட் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் கட்டுரை போன்றவற்றை மனத்துக்குள் படிக்கும் பெரியவர்களின் சராசரி 238 சொல். கதையென்றால் 260. வாய்விட்டுப் படித்தால் 183.

அந்த 238ஐ வைத்துத் தமிழ் வாசகர் தம்மை அளந்துகொள்ளக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரே சொல், 18 எழுத்து. ஆங்கிலத்தில் அது ஆறேழு சொல்லாகப் பிரிந்துவிடும். தமிழில் எண்ணிக்கை குறைந்து வருவது மொழியின் அமைப்பால். அதற்காக யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

2021இல் தொடங்கிய மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டம், இரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை பொருள் புரிந்து நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் படிக்க வேண்டும் என்கிறது. எந்த மொழிக்கும் இதே இலக்குதான். ஆனால் 2022இல் என்.சி.இ.ஆர்.டி. தமிழ் உட்பட 20 மொழிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, மொழிக்கு மொழி தனித்தனி அளவுகோல் வைத்தது. அதுதான் முறை.

உங்கள் வேகத்தை நீங்களே அளக்கலாம். இதுவரை படிக்காத ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். பத்து வரியில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்தால் ஒரு வரிக்குச் சராசரி கிடைக்கும். செல்போனில் 5 நிமிடம் வைத்து, வழக்கம்போலப் படியுங்கள். வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 30 வரி என்றால் ஒரு பக்கம் 180 சொல். நாலு பக்கம் முடித்திருந்தால் 720 சொல். ஐந்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 144. பிறகு புத்தகத்தை மூடிவைத்து, படித்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அந்த 144 செல்லாது.

இந்தக் கணக்கை ரயிலிலும் போட்டுப் பார்க்கலாம். மதுரை - தேனி ரயில் 2022 மே மாதம் மறுபடி ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் போடி வரை நீண்டது. 144 சொல் வேகக்காரர் ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 48 பக்கம் முடித்துவிடலாம்.

எதிரில் உட்கார்ந்து படிப்பவரின் கண்ணைக் கவனித்ததுண்டா? வரி மேல் வழுக்கிக்கொண்டு போகாது. தாவும், நிற்கும், தாவும். ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் நொடி. எழுத்து மனத்தில் ஏறுவது நிற்கும்போதுதான். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஜவால் இந்தத் தாவலைப் பற்றி எழுதியது 1879இல். நன்றாகப் படிப்பவர்களின் கண்ணும் இடையிடையே பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும். அது தவறே அல்ல, புரிந்துகொள்ளும் வேலை.

எழுத்துக் கூட்டிப் படிப்பது பிள்ளைகள் மட்டுமல்ல. ஆண்டிப்பட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கி.மு. காலத்தவை. ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள். கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த வீரனுக்கு நட்ட கல். கம்பத்தைத் தாண்டினால் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. அச்சில் இந்த ஏழு சொல்லை மூன்று நொடியில் படித்துவிடுகிறோம். கல்லில் படிக்க, எழுத்தறிஞர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளை செய்ததும் அதே வேலைதான்.

நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்க வைப்பதாகச் சொல்லும் வகுப்புகள் அமெரிக்காவில் எவலின் வுட் 1959இல் தொடங்கியதிலிருந்து நடக்கின்றன. 2016இல் ஐந்து உளவியல் அறிஞர்கள் அதுவரையிலான ஆய்வுகளை அலசிச் சொன்ன முடிவு: வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் புரிதல் குறைகிறது. சொல்வளம் பெருகப் பெருகத்தான் வேகமும் கூடும். நிறையப் படிப்பதுதான் அதற்கு வழி. பணம் கட்ட வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியவர்கள் “முன்ன மாதிரி படிக்க ஓடல” என்று பேப்பரைக் கை நீட்டிப் பிடிக்கிறார்களா? அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். தேனியில் 1980களிலிருந்தே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மூளை மந்தமாகிவிட்டது என்று புத்தகத்தை ஓரங்கட்டும் முன், ஒரு தடவை கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டபின் அதே புத்தகத்தில் மறுபடி 5 நிமிடம் அளந்து பாருங்கள்.