சுவாமியும் நண்பர்களும்

சுவாமியும் நண்பர்களும் என்பது ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய முதல் புதினம் ஆகும். இது 1935 ஆம் ஆண்டு இலண்டனில் ஹமிஷ் ஹாமில்டன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. மால்குடி என்னும் கற்பனை ஊர் முதன்முதலில் நூல்வடிவில் இடம்பெற்றது இதில்தான். சுவாமிநாதன் என்ற பத்து வயதுச் சிறுவன், அவன் படிக்கும் ஆல்பர்ட் மிஷன் பள்ளி, அவனுடைய நண்பர்கள் ஆகியோரைச் சுற்றிக் கதை நகர்கிறது. வகுப்பில் யாருக்கு மதிப்பு, யார் யாருடன் சேரலாம், சேர்ந்தவன் எதை இழக்கிறான் என்பவையே இப்புதினத்தின் உள்ளீடு. குறும்புக்காரச் சிறுவனின் நகைச்சுவைக் கதையாகவே இது பலராலும் நினைவுகூரப்பட்டாலும், பள்ளித் தோழமையில் இடம்பிடிக்கும் போராட்டத்தைச் சொல்லும் பதின்ம வயதினர் புதினங்களுக்கு இந்திய மண்ணில் இது ஒரு முன்னோடி எனலாம்.

பின்னணி

நாராயண் 1906 அக்டோபர் 10 அன்று சென்னையில் பிறந்தார். இளமையில் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, அங்கிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். அவ்வகுப்பில் தாம் ஒருவரே பிராமணச் சிறுவராக இருந்ததையும், மறைநூல் ஆசிரியர் இந்துக் கடவுளரை இழித்துப் பேசியபோது வகுப்பு முழுவதும் தம்மை நோக்கித் திரும்பியதையும் 1974 இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். புதினத்தின் தொடக்கத்தில் வரும் எபனேசர் என்னும் ஆசிரியரின் வகுப்புக்கு இந்நிகழ்வே மூலம். அவ்வகுப்பில் எதிர்த்துக் கேட்கும் சுவாமிநாதனின் காது திருகப்படுகிறது. பின்னர் நாராயணின் தந்தை தலைமை ஆசிரியராக இருந்த மைசூர்ப் பள்ளியிலும் அவர் பயின்றார்.

கையெழுத்துப் படியைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஆக்சுபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவிடம் அது இருந்தபோது, கல்லைக் கட்டித் தேம்சு ஆற்றில் போட்டுவிடும்படி நாராயண் எழுதினார். பூர்ணா அவ்வாறு செய்யாமல் எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் அதைக் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையால் நூல் அச்சேறியது. புதினத்தின் தற்போதைய தலைப்பும், நாராயணசுவாமி என்ற பெயர் நாராயண் எனச் சுருங்கியதும் கிரீனின் யோசனைகளே. முதலில் நாராயண் வைத்திருந்த தலைப்பு சுவாமிநாதனின் பந்துவீச்சுப் பட்டப்பெயரைக் கொண்டிருந்தது. நூல் தொடக்கத்தில் நன்றாக விற்பனையாகவில்லை.

வகுப்பின் படிநிலை

சுவாமிநாதன் முதல் பாரம் 'அ' பிரிவில் படிக்கிறான். முதல் பாரம் என்பது இன்றைய ஆறாம் வகுப்பு. கதை தொடங்கும்போது அவனுக்கு நான்கு நண்பர்கள். சோமு வகுப்புத் தலைவன். எல்லோரிடமும் நல்ல பெயர் உடையவன். சங்கர் முதல் மதிப்பெண் பெறுபவன். சாமுவேல் உருவத்தில் சிறியவன் என்பதால் 'பட்டாணி' என அழைக்கப்படுகிறான். படிப்பிலோ விளையாட்டிலோ அவனுக்குச் சிறப்பு ஏதுமில்லை. மணி கடைசி இருக்கைக்காரன். புத்தகம் கொண்டு வருவதில்லை, வீட்டுப்பாடம் செய்வதில்லை, எல்லோரையும் அடிப்பான். அவனிடம் அடி வாங்காத ஒருவனாக இருப்பதே சுவாமிநாதனுக்குப் பெருமை.

பதவி, மதிப்பெண், உடல் வலிமை என இந்த வகுப்பில் மதிப்பு ஏற்கனவே பங்கிடப்பட்டுவிட்டது. சுவாமிநாதனிடம் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. அவனுடைய மதிப்பு முழுவதும் அவன் யாருடன் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. கதையில் அவன் எடுக்கும் எல்லா முடிவுகளையும் இவ்வொரு செய்தியைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

இந்நிலையில் புதிதாக வந்து சேருகிறான் இராஜம். காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளரின் மகன். காலுறை, சப்பாத்து, கோட்டு, கழுத்துப்பட்டி அணிபவன். சீருந்தில் வந்து இறங்குபவன். ஐரோப்பியர் போல ஆங்கிலம் பேசுபவன். படிப்பிலும் சங்கருக்கு அடுத்த நிலையைப் பிடித்துவிடுகிறான். வெள்ளையர் ஆட்சியில் அதிகாரத்தின் அடையாளங்களாக இருந்த உடை, மொழி, வாகனம் அனைத்தும் அவனுடன் வகுப்பறைக்குள் நுழைகின்றன. மணி அவனைப் பகைக்கிறான். இருவரும் துண்டுச் சீட்டுகளில் அறைகூவல் விடுத்துக்கொள்ள, சீட்டுகளைக் கைமாற்றித் தருபவன் சுவாமிநாதன். சரயு ஆற்றங்கரையில் நல்லப்பா தோப்பில் சண்டைக்கு நாள் குறிக்கப்படுகிறது. மணி தடியுடனும் இராஜம் காற்றுத் துப்பாக்கியுடனும் வருகின்றனர். சண்டை நடக்கவில்லை. மூவரும் நண்பர்களாகத் திரும்புகின்றனர்.

'வால்'

புதினத்தின் மையமான பகுதி இதற்குப் பின் வருகிறது. சுவாமிநாதன் இராஜத்துடன் சேர்ந்ததும் பழைய நண்பர்களான சோமு, சங்கர், பட்டாணி ஆகியோர் அவனை 'வால்' என்று அழைக்கத் தொடங்குகின்றனர். இராஜத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பவன் என்பது பொருள். அச்சொல் கரும்பலகையில் எழுதப்படுகிறது. முதலில் சுவாமிநாதனுக்கு அதன் பொருளே விளங்குவதில்லை. ஏதோ தவறாக நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிகிறது. பின்னர் நாள்தோறும் அவனோடு பேசி வந்தவர்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்துகின்றனர். புதினத்தில் வரும் பிரம்படிகளைவிட இந்த மௌனமே அவனை அதிகம் வருத்துகிறது.

தமிழில் வாசிப்பவருக்கு இச்சொல்லில் ஒரு சிறு சிக்கல் உண்டு. நம் வழக்கில் 'அவன் சரியான வால்' என்றால் குறும்புக்காரன் என்றே பொருள். நாராயண் கருதும் பொருளுக்கு 'வால்பிடி' என்ற சொல்லே பொருந்தும். சுவாமிநாதன் இரு பொருளிலும் வால்தான் என்பது தற்செயலாக அமைந்துவிட்ட பொருத்தம்.

இராஜம் தன் வீட்டுக்கு அனைவரையும் அழைத்துச் சமாதானம் செய்கிறான். இங்கு கவனிக்கத்தக்கது, சமாதானம் செய்யும் ஆற்றலும் அவனிடமே இருப்பது. எனினும் அவனும் அச்சமற்றவன் அல்லன். நண்பர்கள் முன்னிலையில் வீட்டுச் சமையற்காரரை அதட்ட முயன்று, அவர் பணியாமல் போக, மானம் காக்கச் சமாளிக்கும் காட்சி ஒன்று உண்டு. சுவாமிநாதனுக்கோ இராஜம் தன் வீட்டுக்கு வரும் நாள் ஒரு தேர்வு நாள் போன்றது. தந்தையின் அறையை இரவல் கேட்கிறான், சிற்றுண்டிக்கு முன்னேற்பாடு செய்கிறான், சமையற்காரரின் வேட்டி தூய்மையாக உள்ளதா என்று கவலைப்படுகிறான். தன்னிடம் உயிரையே வைத்திருக்கும் பாட்டியைவிட அன்று அவனுக்கு வந்தவனின் கருத்தே பெரிதாகிவிடுகிறது.

தொப்பியும் துடுப்பாட்டமும்

1930 ஆகத்து 15 அன்று மால்குடியில் நடக்கும் ஒரு விடுதலைப் போராட்டக் கூட்டத்தைப் புதினம் விவரிக்கிறது. (அந்நாள் பின்னர் விடுதலை நாளானது தற்செயல், நூல் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே வெளிவந்துவிட்டது.) அயல்நாட்டுத் துணிகள் எரியும்போது, நீ அணிந்திருப்பது அயல்நாட்டுத் தொப்பி என்று ஒருவர் சொல்ல, வெட்கமடைந்த சுவாமிநாதன் தொப்பியைக் கழற்றித் தீயில் எறிகிறான். அது கதர்த் தொப்பிதான் என்று பிறகு தந்தை சொல்கிறார். மறுநாள் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளியின் கண்ணாடிகளை உடைக்கிறான். கூட்டத்தைக் கலைக்க வரும் காவலர்களுக்குத் தலைமை தாங்குபவர் இராஜத்தின் தந்தை. சுவாமிநாதனின் அரசியல், கொள்கையால் வந்தது அன்று. பக்கத்தில் நிற்பவர்களைப் போல இருக்க விரும்பியதால் வந்தது. இதை நாராயண் கண்டிப்பதும் இல்லை, போற்றுவதும் இல்லை.

இதனால் அவன் போர்டு உயர்நிலைப் பள்ளிக்கு மாற நேர்கிறது. இராஜம் ஆறு வாரங்கள் பேசாமல் இருந்து, பின் மன்னிக்கிறான். துடுப்பாட்டக் கழகம் (கிரிக்கெட் கிளப்) ஒன்று தொடங்கப்படுகிறது. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் மாரிசு டேட்டின் பெயரால் சுவாமிநாதன் 'டேட்' ஆகிறான். 'வால்' என்றிருந்தவனுக்கு முதன்முறையாகத் தன் திறமையால் ஒரு பெயர் கிடைக்கிறது. ஆனால் புதுப் பள்ளியின் உடற்பயிற்சி வகுப்புகளால் மாலைப் பயிற்சிக்குச் செல்ல முடிவதில்லை. தலைமை ஆசிரியரின் பிரம்பைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஊரை விட்டே ஓடி, மெம்பி மலைக்குச் செல்லும் காட்டுச் சாலையில் வழிதவறுகிறான். அவன் இல்லாமலே போட்டி நடக்கிறது; அணி தோற்கிறது. இம்முறை இராஜம் மன்னிக்கவில்லை.

சில நாட்களில் இராஜத்தின் தந்தைக்குப் பணியிட மாற்றம் வருகிறது. விடியற்காலைத் தொடருந்து நிலையத்துக்கு ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் நூலைப் பரிசாக எடுத்துக்கொண்டு செல்கிறான் சுவாமிநாதன். வண்டி நகரும்போது மணி அதை வாங்கி இராஜத்திடம் சேர்ப்பிக்கிறான். இராஜம் ஏதோ சொல்கிறான், இரைச்சலில் கேட்கவில்லை. பகை தீர்ந்ததா என்பது சுவாமிநாதனுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது.

பள்ளிக் கதை மரபில் இடம்

ஆங்கிலத்தில் பள்ளிக் கதை என்னும் வகை, தாமசு இயூசு 1857 இல் ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டு எழுதிய புதினத்தால் புகழ்பெற்றது. அம்மரபின் களம் பெரும்பாலும் விடுதிப் பள்ளி. தமிழகத்தில் ஆங்கிலேயர் அமைத்த அத்தகைய பள்ளிகள் குளிர்ந்த மலைகளையே நாடின. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார், குன்னூர் வழியாக ஏறும் மலைப்பாதை சென்று சேரும் உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில், லாரன்சு பள்ளி 1858 இல் பிரித்தானியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இயூசின் கதையை அப்படியே நட்டிருந்தால் அது அந்த மலையில்தான் வேர்விட்டிருக்கும்.

நாராயணோ சமவெளியின் பகல்நேரப் பள்ளியைத் தேர்ந்தார். இது சிறிய வேறுபாடு அன்று. விடுதிப் பள்ளியில் மாணவனுக்கு வேறு உலகம் இல்லை. அங்கு ஒதுக்கப்பட்டவன் இரவிலும் ஒதுக்கப்பட்டவனே. சுவாமிநாதன் மாலையில் பாட்டியின் மடிக்குத் திரும்புகிறான். மேலும் விடுதிக் கதைகளில் கதாநாயகன் இறுதியில் பெரும்பாலும் அணியில் இடம்பெற்றுவிடுவான். இங்கு தந்தையரின் பணியிட மாற்றம் என்ற, அரசு ஊழியர் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று, சங்கரையும் இராஜத்தையும் கொண்டுசென்றுவிடுகிறது. பாடுபட்டுப் பெற்ற இடமே இல்லாமல் போகிறது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் குழுக்களைப் பற்றிய பதின்ம வயதினர் புதினங்கள் எசு. ஈ. இன்டன் 1967 இல் வெளியிட்ட நாவலுக்குப் பின் பெருகின. பிற்காலப் பள்ளிக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் புதிதாய் வந்த செல்வாக்குள்ள மாணவன், பட்டப்பெயர், கட்சி மாறிய நண்பன் ஆகிய கூறுகள் யாவும் 1935 இலேயே மால்குடியில் உள்ளன. தமிழில் இதற்கு நெருக்கமான ஒன்றைத் திரைப்படத்திலேயே காண முடிகிறது. பாண்டிராஜ் இயக்கிய பசங்க (2009) ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் ஒரு மாணவனுக்கும் அங்கு ஏற்கனவே கோலோச்சிய மாணவனுக்கும் இடையிலான போட்டியைச் சொல்கிறது. இப்படம் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

தொலைக்காட்சியில்

1980களின் பிற்பகுதியில் தூர்தர்சனில் ஒளிபரப்பான மால்குடி நாட்கள் தொடரில் இப்புதினம் சில பகுதிகளாக இடம்பெற்றது. சங்கர் நாக் இயக்கினார். மாஸ்டர் மஞ்சுநாத் சுவாமியாக நடித்தார். எல். வைத்தியநாதன் இசையமைத்தார். நாராயணின் தம்பியும் கேலிச்சித்திர ஓவியருமான ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்கள் தொடரில் இடம்பெற்றன. படப்பிடிப்பு பெரும்பாலும் கருநாடகத்தின் ஆகும்பேயில் நடைபெற்றதால், சென்னைப் பள்ளி நினைவுகளிலிருந்து பிறந்த மால்குடி, பலருடைய மனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை ஊராகவே பதிந்துவிட்டது.