குட்டியின் கூடும் நம் வீட்டுக் கூடமும்

பிறந்த நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. மூத்திரப்பை நிறைந்தே இருந்தாலும் தாயின் நாக்கு வந்து பட்டால்தான் அது திறக்கும். பால் குடித்து முடித்த குட்டியைத் தாய் புரட்டிப்போட்டு, அடிவயிற்றிலிருந்து வால்வரை அழுத்தி நக்கும். சிறுநீரும் மலமும் அப்போதுதான் வெளியேறும். வந்ததைத் தாயே விழுங்கிவிடும். தாயை இழந்த, கண் திறக்காத தெருக்குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறை பால் புகட்டிய பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அதே இடத்தை வருடிவிட வேண்டும். செய்யாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். குட்டியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டுக்குள்ளேயே போய்விடும் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுவதானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நாம் அதை ஒழுக்கப் பிரச்சினையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். "வெளியே அரை மணி நேரம் நின்னுச்சு, ஒண்ணும் பண்ணல. உள்ளே வந்ததும் சோபாவுக்குப் பின்னால போயிடுச்சு. வேணும்னே பண்ணுது" என்ற புகாரை நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். எட்டு வாரக் குட்டிக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. அதன் மூத்திரப்பையோ இன்னும் முழுதாக அதன் சொல்பேச்சைக் கேட்பதில்லை.

மூத்திரப்பை நிறைய நிறைய அதன் தசைச்சுவர் விரிகிறது. அந்த விரிவை உணரும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்ப, அது அங்கிருந்து மூளைத்தண்டுக்கு ஏறுகிறது. 'இப்போது திற' என்ற கட்டளை பிறப்பது அங்கேதான். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் பேரிங்டன் 1925இல் பூனைகளை ஆராய்ந்து இந்த மையத்தை அடையாளம் காட்டினார். அதற்கும் மேலே இருக்கிறது பெருமூளை. 'பொறு, இது இடமில்லை' என்று தடுப்பது அதன் வேலை. பிறந்த குட்டியில் இந்த மேல்வழி இன்னும் உருவாகவில்லை. தொடுதல் உணர்வு முதுகுத்தண்டுவரை போய், அங்கிருந்தே திரும்பி வந்து மூத்திரப்பையைச் சுருங்க வைக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டி குரோட் 1970களில் பூனைக்குட்டிகளிடம் இதை ஆராய்ந்து விளக்கினார். நரம்புகள் முதிரும்போது மூளைத்தண்டு வழி பொறுப்பேற்கிறது. பழைய வழி அடங்கிப்போகிறது. ஆனால் அழிந்துவிடுவதில்லை. முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளிடமும் அந்தப் பச்சிளம் பருவத்து அனிச்சைச் செயல் மீண்டும் தலைதூக்குகிறது.

நாய்க்குட்டி ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தாயின் உதவியில்லாமல் கழிக்கத் தொடங்கும். அடக்கிவைக்கும் ஆற்றல் வருவதற்கோ இன்னும் மாதக்கணக்கில் ஆகும். சிறுநீரகமும் முதிராத நிலைதான். வளர்ந்த நாயைப்போல நீரை உறிஞ்சி மிச்சம்பிடித்துச் சிறுநீரைக் கெட்டியாக்க அதற்குத் தெரியாது. வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி என்பது ஒரு நாளின் சிறுநீர்க் கணக்கு. குட்டிக்கு விகிதத்தில் அதைவிடக் கூடுதல். பையோ சிறியது. வயதை மாதத்தில் எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதே ஒரு குட்டி அதிகபட்சம் தாங்கக்கூடிய மணிநேரம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூக்கத்தில். விளையாடிக்கொண்டிருக்கும்போது முக்கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது.

உடல் இப்படி என்றால், மனத்தில் ஒரு நல்ல விஷயம் ஏற்கெனவே இருக்கிறது. கால் ஊன்றி நிற்கத் தொடங்கியதுமே, குட்டி தான் படுத்திருக்கும் இடத்தை விட்டுத் தள்ளாடியபடி விலகிப்போய்க் கழிக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குழியிலும் புதரிலும் குட்டி போட்ட மூதாதையர் வழியாக வந்த இயல்பு அது. கூடு சுத்தமாக இருந்தால் புழுக்களின் முட்டைகளும் குறையும், மோப்பம் பிடித்து வரும் எதிரியும் குறையும். சிக்கல் என்னவென்றால், குட்டி தன் கூடாக நினைப்பது அது படுத்துறங்கும் மூன்று அடி வட்டத்தை மட்டும்தான். ஆயிரம் சதுர அடி அடுக்ககத்தில் ஹாலின் மறுகோடியும், யாரும் புழங்காத விருந்தினர் அறையும் அதன் கணக்கில் 'வெளியே'. சோபாவுக்குப் பின்னால் போகும் குட்டி, அது அறிந்தவரையில், மிகவும் சுத்தமாகத்தான் நடந்துகொள்கிறது. அந்த வட்டத்தின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, வீடு முழுவதையும் அதற்குள் கொண்டுவருவதே நாம் செய்ய வேண்டிய வேலை.

இந்த இயல்பைக் கெடுக்கவும் முடியும். விலகிப்போக இடமில்லாத சிறு கூண்டில் அடைத்து வளர்த்தால் குட்டி தன் மலத்தின்மேலேயே படுத்துப் பழகிவிடும். அமெரிக்காவில் ஃபிராங்க் மெக்மில்லன், ஜேம்ஸ் செர்பெல் உள்ளிட்ட குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், செல்லப்பிராணிக் கடைகளில் வாங்கிய நாய்களிடம் வீட்டை அசுத்தம் செய்யும் பழக்கம், வீட்டுச் சூழலில் பிறந்தவற்றைவிட அதிகமாகக் காணப்பட்டது. நம் ஊரில் முப்பது, நாற்பது நாள் குட்டிகளைச் சந்தையில் கூண்டோடு வைத்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்து, விலகிப்போய்க் கழிக்கப் பழகும் வாரங்களைத்தான் நாம் பறித்துக்கொள்கிறோம். பிறகு, 'குட்டி கற்றுக்கொள்ளவில்லை' என்கிறோம்.

அந்த வாரங்களில் குட்டி இன்னொன்றையும் கற்கிறது: காலடியில் எது தட்டுப்படும்போது கழிக்கலாம் என்பது. செய்தித்தாளின்மேல் வளர்ந்தது செய்தித்தாளைத் தேடும். சிமென்ட் தரையில் வளர்ந்தது சிமென்டைத் தேடும். எதற்கும் பழகாத குட்டி பெரும்பாலும் மெத்தென்று ஈரத்தை உறிஞ்சும் பரப்பை விரும்பும். வாசல் மிதியடியும் பாயும் அடிக்கடி நனைவது அதனால்தான். முதல் சில வாரங்களுக்கு அவற்றைச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். மொட்டைமாடியோ, புல்தரையோ, தோட்டத்து மண்ணோ, எந்த இடம் நிரந்தரம் என்பதை வீட்டார் கூடி முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். வாரத்துக்கு ஓர் இடம் என்று மாற்றினால் குட்டி குழம்பும்.

மற்றதெல்லாம் நேரக் கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்தில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது: இந்த மூன்று வேளைகளில் குட்டி கட்டாயம் போகும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது மனிதக் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் பொது. ஆகவே உணவுக்கு நேரம் குறித்தால் மலத்துக்கும் நேரம் குறித்ததாகிவிடும். தட்டில் எப்போதும் சோறு இருந்தால் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் குட்டி என்றாலே பால்சோறுதான். பால்குடி மறக்கும் வயதில் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துகொண்டே போகிறது. மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், கூடவே நீரும் கணிசமாக உள்ளே போகும். பாலை நிறுத்திய பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. அதற்காகத் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது கொடுமை, ஆபத்தும்கூட.

வெளியே கூட்டிப்போனால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். குட்டிக்கு எல்லாமே வேடிக்கை. காகம், காய்ந்த இலை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் புடவை. வேடிக்கை சலித்த பிறகே வயிறு நினைவுக்கு வரும். அதற்குள் பொறுமையிழந்து உள்ளே தூக்கி வந்தால், அமைதியான ஹாலில் அதற்குச் சட்டென்று நினைவு வந்துவிடும். மேலே சொன்ன 'வேணும்னே' புகாருக்கு விடை இவ்வளவுதான். கழித்து முடித்த நொடியிலேயே பாராட்டும் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியும் தர வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்ளும். கழித்ததும் உடனே உள்ளே இழுத்து வரவும் கூடாது. கழித்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது என்று தெரிந்துகொண்ட குட்டி, அடுத்த முறை அடக்கிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள்.

வீட்டில் இருக்கும் நேரத்தில் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது நல்ல வழி. தரையை முகர்ந்தபடி வட்டமிடத் தொடங்கினால் அப்போதே தெரிந்துவிடும். நாள் முழுக்க பால்கனியில் கட்டிப்போடுவது இதற்கு நேர் எதிர். கழிக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றுதான் என்று நாமே பாடம் நடத்துகிறோம்.

சுத்தம் செய்வதிலும் வேதியியல் இருக்கிறது. புதிதாக வந்த சிறுநீரில் உள்ள யூரியாவுக்கு மணமில்லை. பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் நெடி எழுகிறது. பினாயில் ஊற்றினால் நம் மூக்குக்கு எல்லாம் சரியாகிவிடும், நாயின் மூக்குக்கு அப்படியில்லை. டைல்ஸ் இடுக்கில் மிச்சமிருக்கும் வாசனை, 'இங்கே போகலாம்' என்று அதைத் திரும்ப அழைக்கும். துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, நொதி கலந்த சுத்திகரிப்பானை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைப்பதே சரி. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் தூவவே வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்து அது குளோரமைன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். தரைக்கு அருகில் மூச்சுவிடும் குட்டிக்கும், தவழும் குழந்தைக்கும் அது கெடுதல்.

இப்போது அடிக்கு வருகிறேன். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது ஆகியவற்றுக்கு எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. "தப்புன்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாரு" என்பார்கள். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். 14 நாய்கள். பிஸ்கட்டைத் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியேறுவார். நாய் தின்றதா இல்லையா என்பது குறித்துச் சில சமயம் அவருக்குத் தவறான தகவலே தரப்பட்டது. காது மடங்கி, தலை தாழ்ந்த அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அந்த முகத்தில் நாம் காண்பது அச்சத்தை.

அச்சம் குட்டிக்கு ஒன்றைக் கற்றுத்தரும்: மனிதர் முன்னால் கழிப்பது ஆபத்து. அதன்பின் அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். கயிற்றோடு வெளியே கூட்டிப்போனால், நீங்கள் பக்கத்தில் நிற்பதாலேயே அடக்கிக்கொள்ளும். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களின் எச்சிலில் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. நீங்கள் குனிந்து கொஞ்சும்போதோ குரல் உயர்த்தும்போதோ சில சொட்டுகள் விடும் குட்டிகளும் உண்டு. அது பணிவைக் காட்டும் செய்கை. அதைத் திட்டினால் இன்னும் பணியும், இன்னும் சொட்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் வளர வளர மறையும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, ரத்தம் கலப்பது ஆகியவை சிறுநீர்த்தொற்றைக் காட்டலாம். பெண் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். தூங்கும்போதும் நடக்கும்போதும் ஓயாமல் சொட்டினால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மூத்திரப்பையைத் தாண்டிப்போய் இணைந்திருக்கும் பிறவிக் குறையாக இருக்கலாம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்ற இனங்களில் இது அறியப்பட்டது. அறுவை சிகிச்சை தேவைப்படும் குட்டிக்கு எத்தனை அடி விழுந்திருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவுக்குக் கூட்டிப்போவதிலும் எச்சரிக்கை வேண்டும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். பதினாறு வாரம் வரையிலான ஊசிகள் முடியும்வரை சொந்த மாடியில் ஒரு தட்டு மண்ணோ, புல்தரை விரிப்போ போதும். சித்திரை வெயிலில் மாடித்தளம் பாதத்தைச் சுடும் என்பதால் நிழலில் வையுங்கள். ஐப்பசி மழையில் வெளியே வர மறுக்கும் குட்டிக்கும் அதே தட்டு உதவும்.

பழகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? பல குட்டிகள் நாலு முதல் ஆறு மாதத்தில் தேறிவிடும். சிறிய இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகலாம். தேறிய குட்டியைப் பொங்கலுக்குத் தாத்தா வீட்டுக்கு அழைத்துப்போனால், போன அரை மணி நேரத்தில் பூஜையறை வாசலில் போய்விடும். அதற்கு அது மறந்துவிட்டது என்று பொருளில்லை. நாய்க்குக் கற்றது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீடு இன்னும் அதன் கூட்டுக்குள் வரவில்லை. அங்கேயும் முதல் இரண்டு நாள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்கி எழுந்ததும் தின்றதும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போக வேண்டும். கோழிக்கறித் துண்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.