நார்வேயின் 1882ஆம் ஆண்டுத் தேர்தலும் திருச்சபையும்

திருச்சபை வரலாற்றில் தேர்தல்களுக்கு இடமளிப்பது அரிது. ஆயினும் 1882இல் நார்வேயில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம் என எண்ணுகிறோம். ஒரே விசுவாச அறிக்கையை ஏற்ற லுத்தரன் கிறிஸ்தவர்களே அதில் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

அந்நாளில் சுவீடனுக்கும் நார்வேக்கும் ஒரே மன்னர். அவர் இரண்டாம் ஆஸ்கர். அமைச்சர்கள் அவருக்கே பொறுப்புடையவர்களாயிருந்தனர். பாராளுமன்றத்தில் அமர்ந்து விடையளிப்பதில்லை. அவர்களை அங்கு வரச்செய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 1874, 1877, 1880 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறியது. மூன்று முறையும் மன்னர் ஒப்புதல் மறுத்தார். அரசியலமைப்பைத் திருத்துவதிலும் மன்னருக்குத் தடுப்புரிமை உண்டோ என்பதே 1882இல் வாக்காளர் முன் நின்ற வினா. யோஹன் ஸ்வெர்ட்ரூப்பின் தலைமையில் நின்ற இடதுசாரியினர் 114 இடங்களில் 83ஐப் பெற்றனர்.

அமைச்சர்களை விசாரிக்கும் நீதிமன்றத்தில் உச்சநீதிமன்ற நடுவர்களோடு, பாராளுமன்றம் தன்னிலிருந்தே தெரிந்தெடுத்த ஒரு பகுதியினரும் அந்நாளில் அமர்ந்தனர். பெரும்பான்மையினர் அவ்விடங்களைத் தம்மவரைக் கொண்டே நிரப்பினர். இதனைப் பழுதற்ற நீதி என்று கூற நாம் துணியோம். 1884 பெப்ருவரியில் பிரதமர் செல்மர் பதவியிழந்தார். ஜூன் 26இல் ஸ்வெர்ட்ரூப்பையே மன்னர் பிரதமராக்கினார்.

இவ்விசாரணைக்கு முன்னரே, 1883 ஜனவரியில், நாட்டின் கிறிஸ்தவ நண்பர்களுக்கென ஓர் அறைகூவல் வெளிவந்தது. அதன் பின்னணியில் நின்றவர் பேராசிரியர் கிஸ்லே யோன்சன், பேராயர்களும் கையொப்பமிட்டனர். அரசியல் தீவிரவாதமும் அவிசுவாசமும் கைகோத்து வருகின்றன என்பது அதன் எச்சரிக்கை. அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. இடதுசாரியினரின் முழக்கமாயிருந்த கவிஞர் ப்யோர்ன்சன் அதற்குள் திருச்சபையின் விசுவாசத்தைக் கைவிட்டிருந்தார். ஆனால் வெற்றியளித்த உழவர்களில் பலர் ஹௌகேயின் எழுப்புதல் மரபில் வந்தவர்கள். போதகரின் மேற்பார்வையின்றிக் கூடிப் பிரசங்கிப்பதைத் தடுத்த 1741ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஹௌகே 1804இல் சிறைப்பட்டார். அச்சட்டத்தை நீக்கப் பாராளுமன்றம் 1836இலும் 1839இலும் முடிவுசெய்தபோது அன்றைய மன்னர் மறுத்தார். மூன்றாம் முறை நிறைவேறிய பின்னரே, 1842இல், அது நீங்கியது. ஆகவே மன்னரின் தடுப்புரிமை விசுவாசத்தின் அரண் என்று போதிக்கப்பட்டபோது, அவர்கள் செவிகொடாததில் வியப்பில்லை. யோன்சனும் 1850களில் ஓர் எழுப்புதலை நடத்தியவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஸ்டாவாங்கரின் போதகர் லார்ஸ் ஊஃப்டெடால் வெற்றியடைந்த அணியில் நின்றார். 1885இல் நாவலாசிரியர் கீலண்டுக்கு உதவித்தொகை அளிக்கும் வேண்டுகோள் வந்தபோது, அவருடைய எழுத்துக்கள் கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கு மாறானவை என்று எதிர்ப்பு எழுந்தது. இதே இடதுசாரியினர் பெரும்பான்மையாயிருந்த பாராளுமன்றம் அதனை மறுத்துவிட்டது. 1888இல் அக்கட்சி இரண்டாகப் பிளந்தது.