திரேஸ்புரத்தில் ஒரு ஸ்டீம்பங்க் ஹீரோ!

உயரமான தொப்பி, அதன்மேல் வட்டக் கண்ணாடி, தோல் கோட்டு, பல்சக்கரங்கள் பதித்த இரும்புக் கை... 'ஸ்டீம்பங்க்' என்று செல்போனில் தேடினால் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓவியங்கள்தான் வரிசை கட்டும். பின்னணியில் லண்டன் புகைமூட்டம். படம் வரையப் பழகும் நம்மூர்ப் பிள்ளைகளும் அதையே பார்த்து வரைகிறார்கள்.

மின்சாரத்துக்குப் பதில் நீராவியே உலகை இயக்கினால் எப்படி இருக்கும்? இந்தக் கற்பனைதான் ஸ்டீம்பங்க். 1987-ல் அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ.ஜீட்டர் உருவாக்கிய சொல் இது. ஆனால், இந்தப் பாணிக்கு முன்னோடி, 1870-ல் நீர்மூழ்கிக் கப்பல் கதை எழுதிய ஜூல்ஸ் வெர்ன். அவருடைய நாயகன் கேப்டன் நெமோ, மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஓர் ஏழை இந்தியரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுவார். நெமோவே ஓர் இந்திய இளவரசர் என்பது வெர்னின் இன்னொரு நாவலில் தெரியவரும். ஆனால், அந்த முத்துக்குளிப்பவருக்குக் கதையில் பெயர்கூட இல்லை!

அவரையே ஹீரோவாக வரைந்தால் என்ன?

அதற்கான நீராவியும் தூத்துக்குடியில் நிறையவே உண்டு. 1876-ல் இங்கே ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறி கொழும்பு போனார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற நீராவிக் கப்பல்களை அதே கடலில் விட்டார்.

முதலில் வேலை, பிறகு வேஷம்

கதாபாத்திரம் என்ன வேலை செய்கிறது என்று முடிவு செய்துவிட்டால், பாதிப் படம் தயார். அந்நாளைய முத்துக்குளிப்பவரிடம் இருந்தவை சட்டென்று ஆழத்துக்கு இறக்கும் ஒரு கல், ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. மற்றதெல்லாம் ஒரு நிமிட மூச்சுதான். இவற்றை முதலில் வரையுங்கள். இயந்திரம் பிறகு வரட்டும். வேலை இல்லாத பல்சக்கரம் வெறும் ஒட்டு அலங்காரம்தான்.

நெருப்பு எங்கே எரியும்?

தண்ணீருக்குள் அடுப்பு எரியாது. எனவே, முதுகில் பாய்லரைக் கட்டி ஹீரோவைக் கடலில் இறக்கினால் பார்ப்பவர் நம்பமாட்டார். பாய்லர் மேலே தோணியில் இருக்கட்டும். 19-ம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசம் அணிந்து மூழ்கியவர்களுக்கு மேலிருந்து கைபம்ப் மூலம் காற்று அனுப்பினார்கள். அந்தக் கைபம்பை நீராவி பம்ப்பாக மாற்றினால் போதும், ஸ்டீம்பங்க் வந்துவிடும். காற்றுக்குழாய், அழுத்தம் காட்டும் மீட்டர், வால்வு... எது எதோடு இணைகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகும்படி இருக்க வேண்டும்.

கறுப்பு அடித்துப் பாருங்கள்

உருவம் முழுவதையும் கறுப்பாக்கிப் பாருங்கள். அப்போதும் இவர் யார் என்று தெரிகிறதா? உருண்டைத் தலைக்கவசம், காலடியில் கல், இடுப்பில் வலைப்பை. இந்த மூன்றும் நிழலிலேயே தெரிந்தால் வடிவம் சரி.

வண்ணத்தில் செம்பு, பித்தளை, தோல் பழுப்பு ஆகியவை இந்தப் பாணிக்கே உரியவை. ஆனால், உப்புக்காற்று பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பு துருப்பிடிக்கும். அதையும் தீட்டினால்தான் அது கடற்கரை இயந்திரம்.

கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் கடைசியாக நடந்தது 1961-ல். சங்குகுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை அவருடைய மச்சான்தான் பிடிப்பார் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தன் தங்கை தாலியோடு இருக்க வேண்டுமே என்று கயிற்றை விடமாட்டாராம்!

அதனால் ஹீரோவைத் தனியே வரையாதீர்கள். தோணியில் மீட்டரிலிருந்து கண் எடுக்காமல் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். கற்பனை உலகம்தானே, அது மச்சானாக இல்லாமல் மனைவியாகவும் இருக்கலாம். எவ்வளவு பெரிய பாய்லரை வரைந்தாலும், பார்ப்பவரின் கண் அந்தக் கையில்தான் போய் நிற்கும்.

கடைசியாக, படத்துக்குக் கீழே இருவரின் பெயரையும் எழுதுங்கள். வெர்ன் தராமல் விட்டது அதைத்தான்.