சேவலா, பெட்டையா? பத்து ரூபாய் பந்தயம்!

தெருவில் 'கிய்யா... கிய்யா...' என்று ஒரு சைக்கிள் கூடை கத்திக்கொண்டு போனால் உங்கள் வீட்டு வாண்டு சும்மா இருக்குமா? ரோஸ், பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று ஹோலி விளையாடிவிட்டு நேரே வந்த மாதிரி நூறு கோழிக்குஞ்சுகள்! 'ஒண்ணே ஒண்ணுப்பா' என்று ஆரம்பிக்கிற பேச்சுவார்த்தை, நாலு குஞ்சு, ஒரு அட்டைப்பெட்டி, கால் கிலோ குருணை என்று முடியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிந்தது.

குஞ்சு வீட்டுக்குள் வந்த ஐந்தாவது நிமிஷம் அடுத்த கேள்வி வரும். "இது சேவலா, பெட்டையா?"

நம் ஊரில் கிரிக்கெட், அரசியல், கோழிக்குஞ்சு - இந்த மூன்றிலும் நிபுணர் அல்லாதவர் யாருமில்லை. மாமியார் ஆரம்பித்தார்: "காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்குங்க மாப்ளே. தலையை நிமித்திப் பார்த்தா சேவல். தொங்கப்போட்டா பெட்டை." மாடி வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் மோதிரத்தை நூலில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். குஞ்சு தலைக்கு மேலே அது வட்டமடித்தால் பெட்டையாம், ஊஞ்சலாடினால் சேவலாம். பால்காரர் இரண்டையும் ஒதுக்கித் தள்ளினார். "கூர் முட்டைன்னா சேவல் ஸார், உருண்டை முட்டைன்னா பெட்டை." முட்டைக்கு நான் எங்கே போவேன்?

பால்காரரைக் கிண்டல் செய்யாதீர்கள். சாட்சாத் அரிஸ்டாட்டிலே இதில் கை வைத்திருக்கிறார். நீளமான கூர் முட்டை பெட்டை என்றார் அவர். ரோமாபுரி பிளினி, 'இல்லை, உருண்டை முட்டைதான் பெட்டை' என்று எழுதி வைத்தார். நம் பால்காரர் பிளினி கட்சி! இந்த ஜோசியங்களில் ஒரு சௌகரியம் உண்டு. எதைச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும். பலித்தது ஞாபகம் இருக்கும், பலிக்காதது குழம்பில் போய்விடும்.

ஆபீஸில் டீ டைமில் விஷயம் பந்தயமாகிவிட்டது. கேஷியர் 'ரெண்டு சேவல், ரெண்டு பெட்டை' என்றார். டெஸ்பாட்ச் பையன் 'மூணு பெட்டை' என்றான். நான் 'நாலும் சேவல்' என்று பத்து ரூபாயை மேஜையில் வைத்தேன். "எப்படி ஸார் அவ்வளவு தைரியம்?" என்றார்கள். நான் பி.காம். சரக்கைப் பார்ப்பதற்கு முன் அது எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று பார்க்கிற ஜாதி!

கணக்கு இதுதான். நாமக்கல் பக்கம் முட்டைக்காகவே வளர்க்கிற கோழி இனம் வேறு, கறிக்கோழி இனம் வேறு. முட்டை இனத்தில் ஒரு பெட்டை வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் போடும். இருபத்தோரு நாள் கழித்துப் பொரிப்பகத்தில் நூறு குஞ்சு வெளியே வந்தால், ஏறக்குறைய ஐம்பது சேவல். சேவல் முட்டை போடாது. சரி, கறிக்காவது ஆகுமா? கறிக்கோழி ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். இந்த இனத்துச் சேவலோ எலும்பும் தோலுமாக நிற்கும். தீவனச் செலவுக்குக் கட்டாது. ஆகவே பிறந்த அன்றைக்கே பெட்டையைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு, சேவலைக் கழித்துக் கட்டிவிடுகிறார்கள். உலகம் பூராவும் வருஷத்துக்கு 600 கோடிக்கு மேல் சேவல் குஞ்சுகள் பிறந்த நாளே கொல்லப்படுகின்றன. மனசு கேட்காமல் ஜெர்மனி 2022-ல் இதற்குத் தடை போட்டது. அங்கே இப்போது முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா, பெண்ணா என்று பார்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் தப்பிப் பிழைக்கிற கொஞ்சம் பேர்தான் சாயத்தில் குளித்துவிட்டுத் தெருவுக்கு வருகிறார்கள்.

பிறந்த அன்றே எப்படிப் பிரிக்கிறார்கள்?

மசூயி, ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானியர்கள் 1920-களில் கண்டுபிடித்துக் கொடுத்த வித்தை இது. குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கினால் சேவலுக்குக் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மொட்டு தெரியும். கை பழகியவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். நீங்கள் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். குஞ்சின் குடல் வெளியே வந்துவிடும்.

சில இனங்களில் இறக்கையைப் பார்த்தே சொல்லலாம். பெட்டைக்கு ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை. சேவலுக்கு இரண்டும் சமம். பிறந்த ஒன்றிரண்டு நாளோடு அந்த வித்தியாசமும் போச்சு. நாட்டுக்கோழியிடம் இந்தப் பாச்சா பலிக்காது.

இன்னொரு சங்கதி. மனிதரில் குழந்தை ஆணா, பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பாவின் அணு. கோழியில் அம்மாவின் அணு. பெண் பிறந்தால் மருமகளைக் கரித்துக்கொட்டுகிற மாமியார்கள், பாவம், கோழிக்கூண்டில் பிறந்திருக்க வேண்டியவர்கள்! (என் மாமியார் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.)

சரி, வளர்ப்பது எப்படி?

முதல் தேவை தீனி அல்ல, சூடு. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் வேண்டாம். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. பரவலாகப் படுத்தால் சொர்க்கம். பழைய குண்டு பல்புதான் போட வேண்டும். எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. குண்டு பல்புக்காக நான் ஆறு கடை ஏறி இறங்கினேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து நனையாது. வெறும் குருணை போதாது, குஞ்சுத் தீவனம் என்றே விற்கிறது. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து அவசியம். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஊதா, வந்த இரண்டாம் ராத்திரியே கண்ணை மூடிவிட்டது. ஆரஞ்சை ஒரு காக்கா கொண்டுபோனது. மிச்சம் ரோஸும் பச்சையும். மாதம் ஒன்றில் சாயம் உதிர்ந்து இரண்டும் வெள்ளை வேட்டிக்கு மாறின. ஆறாவது வாரம் கொண்டை சிவந்து தடித்தது. மூன்றாவது மாதம் கழுத்திலும் முதுகிலும் கூரான, பளபளக்கிற இறகுகள். வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க நம்பகமான அடையாளங்கள் இவைதான். அப்புறம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ரோஸ் தொண்டையைத் திறந்தது. அன்று சாயங்காலம் கேஷியர் செலவில் டீயும் மசால்வடையும்.

பந்தயக் கதையை வீட்டில் சொன்னபோது, ஆறு வயசுப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "முட்டை போடலேன்னா கொன்னுடுவாங்களாப்பா?"

இந்தக் கேள்விக்குக் கணக்குப் பதிவியலில் பதில் கிடையாது. "நம்ம வீட்டுல மாட்டோம்டா" என்றேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டுமே! மனைவியின் சித்தப்பா தோட்டத்துக்கு இரண்டையும் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டோம். பொங்கல், தீபாவளி, மாப்பிள்ளை விருந்து எதற்கும் அடிக்கக்கூடாது என்று நிபந்தனை. சித்தப்பா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மாதம் ஒரு ஃபோன் போட்டு இரண்டையும் கூவச் சொல்லி ஆஜர் எடுக்கிறாள் பெண்.

ஆகவே, குஞ்சு வாங்கப் போகிற அன்பர்களே! தெருவில் விற்கிற கலர் குஞ்சு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'சேவல்' என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஜெயிப்பீர்கள். முட்டை ஆசை இருந்தால் கடையில் வாங்குங்கள். குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பதற்குப் பதில், நாலு மாசம் கழித்து அதற்கு ஒரு போக்கிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, உங்கள் வீட்டு ஓனர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்!