பிக்கப் வண்டிக்கு இரவு வெளிச்சம்

ஹெட்லைட் என்பது பல்பு, கிண்ணம், முன்கண்ணாடி மூன்றும் சேர்ந்த ஒரே கருவி. பல்பு ஒளியை உண்டாக்குகிறது. பின்னாலிருக்கும் பளபளப்பான கிண்ணம், நாலாபக்கமும் சிதறும் ஒளியைத் திரட்டி முன்னே அனுப்புகிறது. முன்கண்ணாடியில் உள்ள வரிகள் அதைச் சாலையில் எங்கே எவ்வளவு என்று பங்கிட்டு விழச் செய்கின்றன; புதிய வண்டிகளில் கிண்ணத்தின் மடிப்புகளே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. இந்த முழு அமைப்பைப் பட்டறைகளில் டூம் என்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பல்பை மாற்றலாம் என்பதுதான். ஆனால் குறை பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. மின்சாரம் வரும் வழியிலேயே குறைந்துபோயிருக்கும், அல்லது உண்டான ஒளி போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இருக்கும்.

சரக்கு ஏற்றும் பிக்கப்களில் பரவலாக உள்ளது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. 1971-இல் ஐரோப்பாவில் வந்த இந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு உலோக மறைப்பு இருக்கும். கீழே போகும் ஒளியை அது தடுத்துவிடுவதால் கிண்ணத்தின் மேல்பாதியில் மட்டும் ஒளி படும். அந்த இழை கிண்ணத்தின் குவியத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருப்பதால், மேல்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். எதிரே வருபவரின் கண் தப்புவது இந்தச் சின்னக் கரண்டியால்தான். சுவரில் அடித்துப் பார்த்தால் ஒளிக்கு மேலே கத்தியால் வெட்டியது போன்ற ஒரு கோடு தெரியும். இந்தியா, இலங்கை போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அந்தக் கோடு இடப்பக்கம் 15 பாகை மேலேறும். சாலையோரம் நடப்பவர், மைல்கல், புளியமரம் எல்லாம் தெரிவது அந்த ஏற்றத்தில்தான். அமெரிக்காவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செய்யப்பட்ட விளக்கில் இந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். அதை இங்கே பொருத்தினால் எதிரே வருபவரின் முகத்தில் நேராக அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டு டூமை வாங்குமுன் பார்க்கவேண்டியது இதைத்தான்.

80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு வண்டி நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். ஆக, 70 மீட்டருக்குள் திடீரென்று தெரிகிற எதற்கும் வண்டி நிற்காது. கறுப்புத் துணி உடுத்தி நடப்பவர் லோ பீமில் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த தூரத்தில்தான் கண்ணுக்குத் தட்டுப்படுகிறார். வெளிச்சத்தைக் கூட்ட நினைப்பது அதனால் ஆடம்பரம் அல்ல. ஆனால் ஒளி தூரம் போகப் போகப் பரந்து மெலியும். இரண்டு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ வேண்டுமானால் நான்கு மடங்கு செறிவு வேண்டும். ஒளியை 30 சதவீதம் கூட்டினால் பார்வை எட்டும் தூரம் 14 சதவீதம் அளவுக்குத்தான் கூடும்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. பானெட்டுக்கு முன்னே பத்துப் பதினைந்து மீட்டருக்குச் சாலை வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஓட்டுநருக்கு மனம் நிறைந்துவிடும். ஆனால் அந்தப் பளிச்சுக்குக் கண்மணி சுருங்குகிறது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ள, அதற்கு அப்பாலுள்ள மங்கலான இடம் இன்னும் இருட்டாகிவிடுகிறது. புதிதாகப் போட்ட விளக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர் உண்மையில் இந்தக் கிட்டத்து வெளிச்சத்தைத்தான் பாராட்டுகிறார்கள். ஒரு விளக்கை எடைபோட, தூரத்தில் இருக்கும் இருண்ட பொருள் எப்போது தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

மாற்றம் எதுவும் செய்யுமுன் இருப்பதைச் சுத்தம் செய்வது நல்லது. பாலிகார்பனேட் முன்கண்ணாடி வெயிலின் புறஊதாக் கதிரில் சில ஆண்டுகளில் மஞ்சளாகி மங்கிவிடும். பற்பசை தேய்த்தால் வரும் பளபளப்பு சில வாரங்கள்கூட நிற்காது. 800 எண் உப்புத்தாளில் தொடங்கி 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் செய்த வேலை வீண். கிண்ணத்தின் அலுமினியப் பூச்சு நீர் புகுந்து மங்கியிருந்தால் தேய்த்து மீட்க முடியாது. துணியால் துடைத்தாலே உரிந்துவிடும் மெல்லிய படலம் அது. டூமையே மாற்ற வேண்டியதுதான். காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் புகைப்படலத்தைத் துடைப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது மின்சாரம். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதற்கு ஈடான மாற்றம் வேறில்லை. பழைய அமைப்பு வயரிங்கில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வரை வந்து, டிம்–பிரைட் சுவிட்சைத் தாண்டி, மறுபடி முன்னால் போகிறது. இரண்டு பல்பும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மி.மீ. செம்பு வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.025 ஓம் மின்தடை உண்டு. நான்கு மீட்டர் சுற்றினால் 0.1 ஓம், 10 ஆம்பியருக்கு ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். தேய்ந்த சுவிட்ச், பச்சைப் பாசி பிடித்த கனெக்டர், துருவேறிய எர்த் எல்லாமாக இன்னும் அரை வோல்ட் விழுங்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பல்புக்குக் கிடைப்பது 12.5 வோல்ட்.

ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழைப் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் 3.4 மடியை ஒட்டிக் கூடிக் குறைகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறையும். மேலே சொன்ன வண்டியில் பல்பு தரவேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வயரிங்கிலேயே தொலைகிறது. மல்டிமீட்டர் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போட்டு, பேட்டரி முனைகளிலும் பல்பின் ஹோல்டரிலும் மாறி மாறி அளக்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வயரிங் கவனிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது.

அதற்கான தீர்வு ரிலே. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச் அது. பழைய வயர் இனி ரிலேயின் 85, 86 எண் முனைகளுக்கு இடையிலுள்ள சுருளை மட்டும் இயக்கும். அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் ஃபியூஸ் வழியாக 30-ஆம் முனைக்கு வந்து, 87-ஆம் முனையில் கிளம்பி நேரே பல்புக்குப் போகும். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடையில் வயர் உரசிச் சேசிஸில் படும்போது தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. எர்த் வயரையும் அதே தடிமனில் போட்டு, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்க வேண்டும். பலர் பாசிட்டிவ் வயரை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை மறப்பதால் பாதிப் பலன்தான் காண்கிறார்கள்.

வயரிங் சரியான பிறகு பல்பு. கடைகளில் கிடைக்கும் 100/90 வாட் பல்பை நேரே மாட்டினால் ஹை பீமில் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். பழைய வயர் அதைத் தாங்காது. ஹோல்டர் உருகும், கிண்ணத்தின் பூச்சு கருகும். அதே 60/55 வாட்டில், இழையை இன்னும் துல்லியமாக, இறுக்கமாகச் சுற்றிய பல்புகள் நல்ல தேர்வு. ஆயுள் மட்டும் குறைவு. நீலப் பூச்சுப் பல்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. எந்த ஹாலஜன் பல்பையும் மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. தோலின் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு வெடிக்கலாம்.

எல்இடி, செனான் என்று வரும்போது கதை மாறுகிறது. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் வந்த செனான் விளக்கு, இழைக்குப் பதிலாக இரு முனைகளுக்கு இடையே மின்பொறி எரிவது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எரிந்ததும் 35 வாட்டில் 3,200 லூமென் வரை தரும். எச்4 லோ பீம் தருவது ஏறத்தாழ 1,000 லூமென். இந்த எண்களைப் பார்த்து மயங்கி, ஹாலஜன் டூமுக்குள் செனானையோ எல்இடியையோ செருகுகிறவர்கள் ஏராளம். ஆனால் அந்தக் கிண்ணம் வளைக்கப்பட்டது ஐந்தாறு மி.மீ. நீளமுள்ள ஓர் இழைக்காக. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். எல்இடி பல்பின் சில்லுகள் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ள தகட்டின் தடிமனே அவற்றை இழை இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலக்கிவிடுகிறது. கிட்டே சாலை வெளுக்கும், தூரம் இருளும், எதிரே வருபவர் சில நொடிகள் குருடாவார். ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்புக்கு முதன்முதலில் சாலை அனுமதி கிடைத்தபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே அது செல்லும் என்று விதித்தார்கள். ஒரே பல்பு எல்லா டூமுக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ரிலே போடுவது, டூமை அதே வகை டூமால் மாற்றுவது போன்றவை இவற்றோடு மோதுவதில்லை.

வேறுவகை ஒளி வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஒளியியல் வேண்டும். ப்ரொஜெக்டர் அமைப்பில் கிண்ணம் நீள்வட்ட வடிவில் இருந்து ஒளியை ஒரு புள்ளிக்கு அருகே குவிக்கும். அங்கே ஒரு தகடு மேல்விளிம்பை வெட்டும். முன்னிருக்கும் தடித்த லென்ஸ் அந்த வடிவத்தைச் சாலையில் வீசும். கைதேர்ந்தவர்கள் டூமைச் சூடாக்கிப் பசையை இளக்கிப் பிரித்து, உள்ளே ப்ரொஜெக்டரை மட்டம் பார்த்துப் பொருத்தி, மறுபடி காற்றுப் புகாமல் ஒட்டுகிறார்கள். இது நுணுக்கமான வேலை. ஒட்டு சரியில்லை என்றால் முதல் மழையிலேயே உள்ளே பனி படியும். அமெரிக்காவின் பழைய பிக்கப்களுக்கு வழி இவ்வளவு கடினமில்லை. 1940 முதல் 1983 வரை அங்கே இழை, கிண்ணம், கண்ணாடி மூன்றும் ஒன்றாக உருக்கி மூடிய விளக்குகளே சட்டப்படி இருந்தன, அளவுகளும் நிர்ணயிக்கப்பட்டவை. அதனால் அதே அளவில் செய்த எச்4 டூம் அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். ரிலேயோடு சேர்த்து இதைச் செய்வது அங்குள்ள பழைய வண்டிக்காரர்கள் பலரின் முதல் வேலை.

டூமுக்கு வெளியே கூடுதல் விளக்குகள் பொருத்தினால், அவை ஹை பீமோடு மட்டும் எரிந்து, டிம் அடித்ததும் தாமாக அணையும்படி வயர் இழுக்கப்பட வேண்டும். கூரைமேல் எல்இடி பார் வைத்தால் ஒளி பானெட்டில் பட்டு ஓட்டுநருக்கே திரும்பி வரும். பொதுச்சாலைக்கு அது ஏற்றதல்ல.

பிக்கப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அதன் பின்பக்கப் பட்டை வில் காலியாக இருக்கும்போது நிமிர்ந்தும் சரக்கு ஏறினால் தாழ்ந்தும் போகும். லோ பீம் பொதுவாக 1 சதவீதம் கீழ்நோக்கி வைக்கப்படுகிறது, அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. இறக்கம். முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், முன்பக்கம் அப்படியே நிற்கப் பின்பக்கம் 3 செ.மீ. தாழ்ந்தால் அந்த 1 சதவீதம் முழுவதும் போய் ஒளி கிடைமட்டமாகிவிடும். 6 செ.மீ. தாழ்ந்தால் லோ பீமே மேல்நோக்கி அடிக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளிப் பெட்டிகள் அடுக்கிக் கிளம்பும் வண்டியின் எதிரே வருபவர்கள் விடாமல் விளக்கை மினுக்கி டிப்பர் அடிப்பதற்குக் காரணம், பெரும்பாலும் ஓட்டுநர் ஹை பீமில் வருவது அல்ல, இந்தச் சாய்வுதான். விளக்கின் நடுவில் கறுப்புப் பூச்சு அடிக்கும் பழைய வழக்கம் இதைத் தீர்க்காது. மொத்த ஒளியைத்தான் குறைக்கும்.

சாய்வைச் சரிபார்க்கச் சமதரையும் சுவரும் போதும். டயரில் சரியான காற்று, இருக்கையில் ஓட்டுநர், வழக்கமாக ஏற்றும் எடை எல்லாம் இருக்க, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நேராக நிறுத்த வேண்டும். விளக்கின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் கோடு போட்டு, அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. லோ பீமின் வெட்டு விளிம்பு இரண்டாம் கோட்டில் படியும்வரை டூமின் பின்னுள்ள திருகைத் திருப்ப வேண்டும். விளக்கு உயரமாக உள்ள வண்டிக்கு இன்னும் சற்றுக் கூடுதல் இறக்கம் தேவை. சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகும், பல்பை மாற்றிய பிறகும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு குமிழ் இருக்கும் வண்டிகளில் இந்த வேலை ஓட்டுநரின் விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. 0 காலி வண்டிக்கு. எண் கூடக்கூட ஒளி தாழும். சரக்கு ஏற்றியதும் குமிழைத் திருப்ப வேண்டும், இறக்கியதும் மறுபடி 0-வுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவர மறந்து, 80 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கு இரண்டரை சதவீதம் தாழ்ந்தே நின்றால், காலி வண்டியில் அதன் ஒளி 32 மீட்டரில் சாலையில் முடிந்துவிடும்.